ஜூலை 16 கும்பகோணத்துக்கு மட்டும் உரிய நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் இறந்த குழந்தைகளுக்காகக் காசிராமன் தெருவில் நடந்த நினைவஞ்சலியை இந்த ஆண்டும் படத்தோடு போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால் சென்னையில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொன்னபோது, அவளுடைய பதிப்பில் அந்தச் செய்தியே இல்லை என்றாள். அங்கே வராமல் போனதில் எனக்கு வருத்தம் என்பதைவிட, அதை யாருமே ஒரு குறையாக நினைக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

2004 ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை. இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பலர் அப்போது பிறக்கவே இல்லை, அதனால் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். சத்துணவு சமைக்கிற இடத்தில் பற்றிய தீ பக்கத்துக் கீற்றில் தாவி, மாடியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பின் கூரைக்குப் போய்விட்டது. கீற்றும் மூங்கிலும் எரிந்தபடியே அவர்கள் மேல் விழுந்தன. இறங்குவதற்கு இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் போய்விட்டார்கள், 18 பேர் காயங்களோடு பிழைத்தார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். இருந்திருந்தால் இன்று முப்பதை நெருங்கியிருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை இப்போது பள்ளியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் பழைய பள்ளிக்கு முன்னால் குழந்தைகளின் படங்களை வரிசையாக வைக்கிறார்கள். ஒருமுறையாவது நேரில் வந்து பாருங்கள். எல்லாமே பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கியவை போலத்தான் இருக்கும், ஒரு பிள்ளை திருநீறு பூசியிருக்கும், ஒன்றுக்கு ரெட்டைச் சடை, ஒரு பையன் சட்டையின் மேல் பட்டனைப் போட மறந்திருப்பான். படத்துக்குக் கீழே பெற்றோர் சாக்லெட், முறுக்கு, கேசரி, புதுச் சட்டை என்று அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்புறம் பாலக்கரையில் இருக்கும் நினைவு மண்டபத்துக்குப் போய் மலர் வைப்பார்கள். சாயங்காலம் விளக்கேந்தி மகாமகக் குளத்துக்கு நடப்பார்கள். அன்று அமைச்சர், எம்.எல்.ஏ., அதிகாரிகள் எல்லோரும் வருகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. மறுநாள் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது, அதுவும் இயல்புதான். நினைவு மண்டபம் மட்டும் அடுத்த ஜூலை வரை சும்மா நிற்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நாளைக் குழந்தைகள் பாதுகாப்பு தினமாக அறிவியுங்கள் என்று அந்தப் பெற்றோர் வருடாவருடம் கேட்கிறார்கள். தங்கள் பிள்ளைக்கு அதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் மற்றவர் பிள்ளைக்காகக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்றால், ஒரு ஊரின் துக்கம் அந்த ஊரோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

ஹரியானாவில் டப்வாலி என்று ஒரு ஊர். 1995 டிசம்பர் 23 அன்று அங்கே ஒரு பள்ளியின் ஆண்டு விழாப் பந்தலில் தீப்பிடித்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகளும் தாய்மார்களும்தான். எளிதில் பற்றிக்கொள்ளும் கூரை, இருந்த கூட்டம் வெளியேறப் போதாத வழி. அங்கேயும் நினைவிடம் இருக்கிறது, அங்கேயும் டிசம்பர் 23-ல் கூடி அழுகிறார்கள். ஆனால் டப்வாலி என்ற பெயர் 2004-ல் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எட்டரை வருடம் கழித்து அதே மாதிரி ஒரு கூரையும் அதே மாதிரி ஒரு வழியும் கும்பகோணத்தில் நம் பிள்ளைகளுக்கு மேலேயும் கீழேயும் இருந்தன. டப்வாலியின் துக்கம் இங்கே வந்து சேர்ந்திருந்தால், யாராவது ஒரு பெற்றோர் அந்தக் கீற்றை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டிருப்பார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கும்பகோணத்துக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை போனது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நம் ஊர்த் தீயை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமைக்குள் அடக்கம், எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புச் சாதனம் இருக்கவேண்டும், அதைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்றது. அதாவது காஷ்மீரில் படிக்கிற குழந்தைக்கும் காசிராமன் தெருக் குழந்தைகள் ஒரு உரிமையைப் பெற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைக்கூட நம் ஊரில் பலருக்கு யாரும் சொன்னதில்லை.

குற்ற வழக்கின் கதை வேறு. பத்து வருடம் கழித்து 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது, பதினோரு பேரை விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் பள்ளி நிறுவனர் மட்டும் இல்லை, கல்வித் துறை அலுவலர்களும் ஒரு பொறியாளரும்கூட இருந்தார்கள். 2017-ல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையைக் குறைத்து, பலரை விடுவித்துவிட்டது. தீர்ப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் ஒரு பள்ளி நடக்க எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் யாராவது அந்த மாடிப்படியில் ஏறிப் பார்த்தார்களா என்ற கேள்வி அந்த வழக்கோடு முடிந்துவிடவில்லை.

போன வருடம் என் மகனைச் சேர்க்க ஒரு பள்ளிக்குப் போனேன் (பெயர் வேண்டாம், இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை). கம்ப்யூட்டர் லேப் காட்டினார்கள், ஸ்மார்ட் போர்டு காட்டினார்கள். அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழி எது என்று கேட்டேன். பின்பக்கம் ஒரு கேட் இருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது, அதை மறித்து உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். தீயணைப்பு சிலிண்டர் ஆபீஸ் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் தொங்கிய அட்டையில் அடுத்த சோதனைக்கான தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. அந்த மேடம் என்மேல் கோபப்படவில்லை, பாவம், "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லைங்க" என்றார். அவர் சொன்னது நிஜம். கும்பகோணத்துக்காரியான நானே கேட்க வேண்டியிருந்தது, மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்படித் தோன்றும்?

அதனால் பாதுகாப்பு தினம் என்று ஒன்று வந்தால் அது உறுதிமொழி வாசித்து, ஓவியப் போட்டி நடத்தி முடிகிற நாளாக இருக்கக்கூடாது. அன்று பள்ளிக் கதவைப் பெற்றோருக்குத் திறந்துவிடட்டும். மாடிப்படி, பின்வழி, சத்துணவுக் கூடம், கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடம், மின்சார மெயின் போர்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டட்டும். மணி அடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக இறங்கி எங்கே நிற்கவேண்டும் என்று ஒருமுறை இறக்கிக் காட்டட்டும். கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் வாசலில் எல்லோரும் படிக்கிற உயரத்தில் ஒட்டட்டும், பீரோவுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று அரசுப் பள்ளிகளில் இருக்கத்தானே இருக்கிறது, அங்கே இதை அந்தக் குழுவிடமே கொடுக்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

பாலக்கரை நினைவு மண்டபத்துக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். பள்ளிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற பொறுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள், கல்வித் துறையோ வருவாய்த் துறையோ தீயணைப்புத் துறையோ, முதல் கையெழுத்துக்கு முன் ஒரு நாள் அங்கே வந்து போகட்டும். அந்தப் பெற்றோரில் பேச விருப்பம் உள்ளவர்கள் பேசட்டும். அவர்களுக்கும் வயதாகிறது, இன்னும் எத்தனை வருடம் அவர்களே வந்து சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஜூலை 16 அன்று இந்தச் செய்தியை எல்லாப் பதிப்பிலும் போடுங்கள். அதற்கு முந்தின வாரம், பள்ளியில் பெற்றோர் எதையெல்லாம் பார்க்கவேண்டும், சரியில்லை என்றால் யாருக்கு எழுதவேண்டும் என்று தீயணைப்புத் துறையினரிடம் கேட்டு அரைப்பக்கம் வெளியிடுங்கள். வெட்டி எடுத்து என் மகன் பள்ளியில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கும்பகோணம்