அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள எஸ்டெஸ் பார்க் ஊருக்கு மே மாதம் வரும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

விசா கிடைத்துவிட்டது, மே நடுவில் வந்து இறங்குகிறீர்கள் என்று அத்தை நேற்று போனில் சொன்னார். பேரனைப் பார்க்கப்போகிற சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "மானெல்லாம் வாசலுக்கே வருதாமே, தினமும் ரெண்டு வாழைப்பழம் கொடுக்கணும்னு மாமா இப்பவே சொல்லிட்டிருக்காரு." அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டு முன்னால் புல்தரையில் ஆறு மான்கள் மாடு மாதிரி படுத்து அசைபோடும் படத்தை உங்களுக்கு அனுப்பியது நான்தான். கூடச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வெறும் படத்தை அனுப்பியது என் தவறு.

இவற்றை இங்கே எல்க் என்கிறார்கள். மேகமலையில் நீங்கள் பார்த்த மிளாவை நினைத்துக்கொள்ளுங்கள்; அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெண்ணே 200 கிலோவுக்கு மேல். மிளா நம் காலடிச் சத்தம் கேட்டாலே புதருக்குள் பாய்ந்துவிடும். இது பாயாது. இந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் பெயரே எல்க்ஹார்ன் அவென்யூ, அதாவது எல்க் கொம்புச் சாலை. அங்கே கார்களை எல்லாம் நிற்கவைத்துவிட்டு நிதானமாகக் கடந்து போகும். அந்த நிதானத்தைப் பார்த்து, நம்மோடு பழகிய பிராணி என்று நினைத்துவிடுகிறோம். ஆளைக் கண்டு பயப்படாதது வேறு, பழகியது வேறு, மாமா.

ஊருக்குள் ஏன் வருகின்றன என்று கேட்பீர்கள். ஊர்தான் அவற்றின் இடத்துக்குள் வந்தது. எஸ்டெஸ் பார்க் ஏறக்குறைய ஊட்டி உயரம், சுமார் 2,300 மீட்டர். மலை உச்சிகளைப் பனி மூடும்போது எல்க் இறங்கிவந்து மேயும் பள்ளத்தாக்கு இதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் சுட்டுச் சுட்டு, இங்கே ஒன்றுகூட மிஞ்சாத நிலை வந்தது. 1913, 1914இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கமிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். 1915இல் ஊரை ஒட்டி ராக்கி மலை தேசியப் பூங்கா வந்தது. எல்க்கைத் தின்ற ஓநாய்களையும் மனிதர்கள் ஒழித்துவிட்டதால் மந்தை பெருகியது. அப்புறம் கோல்ஃப் மைதானத்திலும் வீட்டு முற்றங்களிலும் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த இளம்புல் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு எங்கே போகும்?

நீங்கள் வரும் நேரம்தான் எனக்குக் கவலை. மே கடைசியும் ஜூனும் எல்க் கன்று ஈனும் காலம். கொம்புள்ள ஆணைப் பார்த்தால் யாரும் தானாக ஒதுங்குவார்கள். அந்த மாதங்களில் பயப்பட வேண்டியது கொம்பில்லாத தாய்க்கு. பிறந்த கன்றைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டுத் தாய் தள்ளி நின்று மேயும். கன்று அசையாமல் கிடக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே கடைசியில் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டிய 8 வயதுச் சிறுமியை ஒரு பெண் எல்க் துரத்திவந்து மிதித்தது. முதலில் அது நின்றது சுமார் 55 மீட்டர் தள்ளி. சில நாளிலேயே விளையாட்டுத் திடலில் இருந்த 4 வயதுப் பையனும் மிதிபட்டான். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

போன ஜூனில் காலை ஆறு மணிக்கு நான் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனேன். காரேஜ் மூலையில் திரும்பினால் பத்தடியில் ஒரு பெண் எல்க். காதுகள் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டியிருந்தன. தலை உயர்ந்து, பார்வை என்மேலேயே இருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து, காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அது பக்கத்து வீட்டு ஜூனிப்பர் புதரில் மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து கால் தள்ளாடியபடி ஒரு கன்று எழுந்தது. முந்தைய நாள் மாலை அந்தப் புதரை உரசிக்கொண்டுதான் உங்கள் பேரனை வண்டியில் தள்ளிப் போயிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

பூங்காவில் குறைந்தது 75 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். கன்று ஈனும் காலத்தில் அதுவும் போதாது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் எல்க்கை மறைத்துப் பாருங்கள். முழுதாக மறைந்தால் சரி. மறையவில்லையென்றால் இன்னும் பின்னால் போக வேண்டும். பேரனோடு நடக்கும்போது புதரோரம் வேண்டவே வேண்டாம். நாயோடு போகிறவர்கள் பக்கத்திலும் நிற்காதீர்கள், நாயைக் கண்டால் எல்க்குக்கு ஓநாய் நினைப்பு வந்துவிடும்.

இனி வாழைப்பழம். வாசலுக்கு வந்த பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்காமல் நீங்கள் காபியைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொலராடோவில் எல்க்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். பழக்கமில்லாத தீனி அதன் வயிற்றைக் கெடுத்துக் கொன்றேவிடலாம். ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் நோயும் பரவும். மான்களின் மூளையைச் சிதைக்கும், மருந்தே இல்லாத ஒரு நோயை 1967இல் முதலில் கண்டது இங்கிருந்து தொலைவில்லாத ஃபோர்ட் காலின்ஸில், அடைத்து வளர்த்த மான்களிடம்தான்.

அத்தையிடமும் ஒன்று சொல்லுங்கள்: தோட்டத்தில் கொடிக்கயிறு கட்ட வேண்டாம். டென்வருக்குத் தென்மேற்கே பைன் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஆண் எல்க் கழுத்தில் கார் டயரோடு இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தது. 2021 அக்டோபரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். டயருக்குள் இருந்த இரும்புக் கம்பியை அறுக்க முடியாமல், கொம்புகளை அறுத்துத்தான் டயரைக் கழற்றினார்கள். ஊஞ்சல் கயிறு, சீரியல் லைட் எல்லாமே கொம்பில் சுற்றிக்கொள்ளும். நம் வீட்டுக் கயிறுகளை ஆகஸ்டுக்குள் அவிழ்த்து வைக்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம் ஆண் எல்க் கூவும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழலின் மேல் சுரம் மாதிரி ஒரு குரல் நீண்டு எழுந்து, உறுமலில் முடியும். விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மாடி ஜன்னலோரம் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். திரும்பும் டிக்கெட் செப்டம்பர் முதல் வாரம் என்றார் அத்தை. அதை அக்டோபருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் மாமா.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்