முன்னோரைத் தேட முறையான பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வரலாற்றை எழுத முனையும் சிங்கப்பூர்த் தமிழர் பலர், பாட்டனார் பெயரைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றனர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்குக் கல்லறை எழுத்தும் கிடைப்பதில்லை. அக்கால எழுத்தர்கள் ஒரே பெயரைப் பலவாறு ஆங்கிலத்தில் பதிந்ததால், இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. கேனிங் ரைஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பதிவுகளை, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரின் சொந்த ஊர் நிலப்பதிவுகளோடு ஒப்பிட்டு, இரு பதிவுகளும் ஒருவரையே குறிப்பன என்று சான்றுடன் நிறுவும் முறையை அனுபவமிக்க தொழில்முறை ஆய்வாளர்களிடம்தான் கற்க வேண்டும். தேசிய நூலக வாரியமும் இந்திய மரபுடைமை நிலையமும் இணைந்து, ஒருநாள் உரையோடு நில்லாமல், தமிழிலேயே பல வாரப் பயிற்சி வகுப்பை நடத்த முன்வர வேண்டும். பழைய கடப்பிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கும் மூத்தோரையும் அதற்கு அழைக்கலாம்.

வாசகர், ஈசூன்