உகண்டா போகும் தோழிக்கு

கொழும்பு 06

அன்பின் மலர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, சுணங்கிப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லாரும் சுகம். வெள்ளவத்தையில் பின்னேரமானால் மழை, காலி வீதி முழுக்க வாகனம், வேறு புதினமில்லை. உகண்டா போகும் குழுவில் உன்னைச் சேர்த்தது நல்ல செய்தி. ஏழைத் தாய்மாருக்குக் கொடுக்கும் பிரசவ வவுச்சர் (அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் இலவசம், பணத்தைத் திட்டம் கொடுக்கும்) உண்மையில் பலன் தந்ததா என்று அளப்பது உன் கைக்குத் தோதான வேலை. ஆனால் நீ அனுப்பிய வரைவின் முதல் பக்கத்திலேயே எனக்கு உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது.

"வழங்கிய வவுச்சரில் எத்தனை வீதம் ஆஸ்பத்திரியில் பயன்பட்டது" என்பதை முதன்மை அளவீடாகப் போட்டிருக்கிறாய். அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளு. வவுச்சர் பல இடங்களில் கிளினிக்கில் வைத்துத்தான் கையில் போகிறது. அங்கே வந்தவள், வவுச்சர் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றிருப்பாள். நீ தேடவேண்டியது வீட்டிலேயே பெற்றவளை. அவள் பெயர் திட்டத்தின் எந்தக் கொப்பியிலும் இராது. ஆகவே கிராமத்தில் வீடு வீடாகப் பட்டியல் எடுத்து, கடந்த 12 மாதத்தில் பிரசவித்த எல்லாரிலிருந்தும் மாதிரியைத் தெரிவு செய். திட்டம் தொடங்கும்போதே ஏழாம், எட்டாம் மாதத்தில் இருந்தவர்களைத் தனியாக வை. அவர்களுக்கு வவுச்சர் பாதியில்தான் கிடைத்திருக்கும், சேர்த்தால் பலன் குறைந்து தெரியும். இன்னொன்று, கேள்விக்கொத்தை "உங்கள் குழந்தை" என்று தொடங்காதே. பிள்ளை இறந்து பிறந்த வீடுகள் அந்த முதல் வரியிலேயே கழன்றுவிடும்.

மாதிரி அளவு கேட்டிருந்தாய். வவுச்சர் இல்லாத இடத்தில் 20 வீதம் ஆஸ்பத்திரிப் பிரசவம், உள்ள இடத்தில் 30 வீதம் எதிர்பார்க்கிறாய் என்று வைப்போம். வழமையான 80 வீத வலுவுக்கு, அதாவது உண்மையான வேறுபாட்டைப் பத்தில் எட்டுத் தரம் பிடிக்க, வவுச்சர் உள்ள பக்கம், இல்லாத பக்கம் ஒவ்வொன்றுக்கும் 290 பெண்கள் அளவில் போதும் என்று சூத்திரம் சொல்லும். அதை நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வாய். ஒரே கிராமத்துப் பெண்கள் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பாதை, ஒரே மருத்துவிச்சி. அந்த ஒற்றுமையை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்று எடுத்து, கிராமத்துக்கு 20 பேர் வீதம் கதைத்தால், தேவை 1.95 மடங்காகிறது. அதாவது பக்கத்துக்கு 566. மறுப்பவர், வீட்டில் இல்லாதவர் எல்லாம் சேர்த்து பக்கத்துக்கு 32 கிராமம் வரை வைத்துக்கொள். கிராமத்தைக் குறைத்து ஆளைக் கூட்டுவது மலிவுதான், ஆனால் அதில் புதிய தகவல் அதிகம் வராது. "தாய் மரணம் குறைந்ததா" என்று நிதி கொடுப்பவர் கேட்டால் நேராகச் சொல்லிவிடு. இலட்சம் பிறப்புக்கு 300 மரணம் நடக்கும் இடத்தில்கூட, 1,200 பிறப்பில் மூன்று நான்கு மரணம்தான் எதிர்பார்க்கலாம். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஒப்பீடு இல்லாத மதிப்பீடு என்ன செய்யும் என்பதற்கு குஜராத்தின் சிரஞ்சீவி திட்டம் நல்ல பாடம். 2005 கடைசியில் ஐந்து மாவட்டத்தில் தொடங்கியது. ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்க, தனியார் மகப்பேற்று வைத்தியருக்கு அரசு 100 பிரசவத்துக்கு 179,500 இந்திய ரூபாய் கொடுத்தது. முதலில் வந்த மதிப்பீடுகள் பெரிய வெற்றி என்றன. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 5,597 வீடுகளை வைத்து, திட்டம் வந்த மாவட்டங்களையும் அப்போது வராதவற்றையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவத்திலும் சரி, குடும்பத்தின் செலவிலும் சரி, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லா இடத்திலும் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஏறியதையெல்லாம் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அந்தத் தொகையின் உள்ளேயும் ஒரு முடிச்சு உண்டு: நூறில் ஏழு சிசேரியன் வரும் என்று வைத்துப் போட்ட விலை அது, கேஸ் எப்படியானாலும் தொகை மாறாது. அப்படியானால் சிக்கலான கேஸை அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதே தனியாருக்கு இலாபம். உன் படிவத்தில் "இங்கிருந்து வேறெங்கும் அனுப்பினார்களா, போன செலவு யாருடையது" என்ற இரண்டு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

பங்களாதேஷ் எண்களை நீ மேற்கோள் காட்டிய விதமும் சரியில்லை. அந்நாட்டின் பிரசவ வவுச்சர் திட்டம் பற்றி 2012இல் வெளிவந்த மதிப்பீட்டில், தகுதி பெற்றவர் கையால் பிரசவம் 46.4 வீதப் புள்ளி (20 வீதம் 30 வீதமானால் 10 புள்ளி) கூடியது என்ற எண்ணை மட்டும் எடுத்திருக்கிறாய். அதே ஆய்வில் ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியது 13.6 புள்ளிதான், சிசேரியன் வீதத்தில் மாற்றமில்லை. இடையிலுள்ள வெளியைப் பார். அந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்ற ஊர்ப் பிரசவ உதவியாளர் வீட்டுக்கு வந்து பார்த்தாலும் வவுச்சர் செல்லும். பெண்கள் படியிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதைவிட, உதவியாளர் வீட்டுப் படியேறியது கூட என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அது கெட்டதல்ல. ஆனால் இரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அங்கே வவுச்சரோடு காசும் போனது: கிளினிக் போக்குவரத்துக்கு 500 டாக்கா, பிரசவத்துக்கு 2,000 டாக்கா. காசு மேலிருந்து இறங்கச் சுணங்கியதுதான் பெரிய முறைப்பாடு. ஆகவே "கிடைத்ததா" என்று மட்டும் கேட்காதே. "எத்தனை நாளில், எத்தனை தரம் அலைந்து, கையில் முழுசாக வந்ததா" என்று கேள். முதல் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நாலாவது ஐந்தாவது பிள்ளை சுமப்பவளுக்கும் ஆபத்து உண்டு, அவளுக்குத்தான் வவுச்சர் இல்லை. இப்படி நிபந்தனை இருக்கும் இடத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வார்கள். வேறொரு பகுதியில், வேறொரு கேள்வியாகப் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் பொருந்தாதது தெரிந்துவிடும்.

ஏழைகளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்ற உன் சந்தேகத்துக்குக் கம்போடியாவைப் பார். அங்கே இரண்டு வகையும் நடந்தது. வவுச்சரால் அரச சுகாதார நிலையங்களில் பிரசவம் 10.1 புள்ளி கூடியது, அடிமட்ட 40 வீத வீடுகளில் 15.6. வவுச்சர் நடந்த மாவட்டங்களில் காணப்பட்ட மொத்த உயர்வில் இது ஐந்தில் ஒரு பங்குதான். எல்லாருக்கும் கொடுத்த வகைதான் கூடப் பலன் தந்தது. பிரசவத்துக்குப் பிந்திய கவனிப்பிலோ, ஏழையல்லாத பெண்களிடம் மட்டுமே தெளிவான உயர்வு. அந்த வேறுபாட்டை உன் அட்டவணையிலும் தனி வரியாகப் போடு, சராசரிக்குள் மறைந்துவிடும்.

உகண்டாவில் முன்பு நடந்த திட்டத்தில் வவுச்சரை 3,000 ஷில்லிங்குக்கு விற்றார்கள். சிறு காசு கொடுத்து வாங்கினால் பத்திரமாக வைப்பார்கள் என்பது நியாயம். மிக ஏழை அந்தக் காசுக்கே தடுமாறினாளா என்பதை, வவுச்சர் வாங்காதவர்களிடம் கேட்டால்தான் தெரியும். போடா போடா என்ற மோட்டார் சைக்கிள் கூலி வவுச்சருக்குள் அடங்குகிறதா என்றும் பார். இரவில் கூலி வேறு.

கணக்குச் சோதனைக்கு, பணம் கொடுத்து முடிந்த வவுச்சர்களில் எழுந்தமானமாகப் பத்தில் ஒன்றை எடுத்து, தொடரிலக்கத்தோடு வீட்டுக்குப் போங்கள். பிள்ளை இருக்கிறதா, பிறந்த திகதி பொருந்துகிறதா. ஆஸ்பத்திரிப் பக்கத்தில், பிரசவ நாளிலிருந்து பணம் வந்த நாள்வரை எண்ணு. நாலு மாதம் இழுத்தால் அங்கே கையுறையும் மருந்தும் வெளியே வாங்கிவரச் சொல்லத் தொடங்குவார்கள், இலவசம் என்று வந்தவள் கடனோடு போவாள். பிரசவித்த உடனே இரத்தப்போக்கைத் தடுக்கும் ஒக்சிடோசின் ஊசி போட்டார்களா என்பதைத் தாயிடம் கேட்டு நம்பாதே. அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? பிரசவ அறையில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதைத் தாய் சரியாகச் சொல்வாள்.

நம் நாட்டில் ஏன் இது இல்லை என்று உன் மகள் கேட்டதாக எழுதியிருந்தாய். அரச ஆஸ்பத்திரி வாசலில் விலை இல்லை, மருத்துவிச்சி வீட்டுக்கே வருகிறார், அனேகமாக எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது. இங்கே வவுச்சர் சாப்பாட்டுக்குத்தான்: கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதம் என்று 2015இல் தொடங்கியது. ஆனால் தாளில் அச்சடித்த தொகை தானாக வளராது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த மாதம் 2,000 ரூபாய்க்கு, ஒரு வருடம் முன்பு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியதைவிடச் சற்றுத்தான் கூட வாங்கலாம். உகண்டா வவுச்சரிலும் ஏதும் தொகை அச்சடித்திருந்தால், வருடா வருடம் சந்தை விலையை அருகில் எழுதிவை.

போனதும் முதல் வேலையாக ஒரு வவுச்சரை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பு. நிபந்தனையெல்லாம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். எந்த மொழியில் அச்சடித்திருக்கிறார்கள் என்றும் பார்.

அன்புடன்,
வசந்தி