அரையாண்டு விடுமுறைக் கடிதம்: பள்ளியின் பின்தெருக்களில் காத்திருக்கும் வாகனங்கள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்து, பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். இந்தப் பருவத்தில் விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் கோப்பைகளோடு திரும்பினார்கள். அறிவியல் கண்காட்சி, தமிழ் மன்ற விழா, குழந்தைகள் தினம் எல்லாம் சிறப்பாக நடந்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான மாலைச் சிறப்பு வகுப்புகள் ஜனவரியிலும் தொடரும். திருத்திய விடைத்தாள்கள் பொங்கலுக்கு முன் உங்கள் கைக்கு வந்துவிடும். உழைத்த ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் பாராட்டுகள்.

இனி, உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ராயக்கோட்டை சாலையில் நெரிசல் அதிகம் என்பதால், பிள்ளைகளை அழைத்துப் போகப் பலரும் பள்ளியின் பின்கேட்டைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தக் கேட்டை ஒட்டிய இரண்டு குறுக்குத் தெருக்களும் குடியிருப்புத் தெருக்கள். ஒரு கார் நின்றால் இன்னொரு கார் ஒதுங்கித்தான் போக வேண்டும். மதியம் இரண்டே முக்காலுக்கெல்லாம் வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் வேன்களும் அங்கே வரத் தொடங்கி, பெரிய வகுப்புகள் விடும் வரை நகராமல் நிற்கின்றன. பல வண்டிகளில் அவ்வளவு நேரமும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் சிலர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை, அவர்களில் இருவர் நம் பள்ளியிலேயே படித்தவர்கள். வாசலில் சாக்கு விரித்துக் கேழ்வரகு காயவைக்கும் ஒரு அம்மா, அதில் ஒரு பிடியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து, "சார், மோந்து பாருங்க" என்று நீட்டினார். டீசல் வாடை அடித்தது. தினமும் விடிகாலையில் எழுந்து போடும் கோலத்தின் மேல் எட்டரை மணிக்குள் நாலு வண்டி ஏறிவிடுகிறது என்றார் இன்னொருவர். கைக்குழந்தை தூங்கும் ஜன்னலுக்கு நேர் கீழே வேனின் புகைக்குழாய் இருப்பதைப் பற்றி ஒரு இளம் தாய் சொன்னார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாகச் சிறுநீர் கழிக்கிறார்கள், பெண் பிள்ளைகள் மாடியில் துணி உலர்த்தக்கூடப் போக முடியவில்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

அதன் பிறகு உடற்கல்வி ஆசிரியரும் நானும் பின்கேட்டுக்குப் போய் ஓட்டுநர்களோடு பேசினோம். எச்சரிக்கை செய்யப் போகவில்லை. ஏன் இங்கேயே நிற்கிறீர்கள், ஏன் இவ்வளவு முன்னதாக வருகிறீர்கள் என்று கேட்கத்தான் போனோம். அவர்கள் சொன்னதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் காரணம், அவர்களுக்கு நிற்க வேறு இடம் இல்லை. பேருந்து நிலையத்தருகே உள்ள ஸ்டாண்டில் சீரியல் முறைப்படிதான் சவாரி. அந்த ஸ்டாண்டைச் சேராத வண்டி அங்கே நின்று ஆள் ஏற்ற முடியாது. சேர்ந்த வண்டியும் பள்ளி டிரிப்புக்காக நடுவில் கிளம்பினால் வரிசையில் தன் இடத்தை இழந்துவிடும். கடைவீதிப் பக்கம் நிறுத்தினால் கடைக்காரர் விரட்டுவார், போலீஸ் அபராதம் போடுவார். நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் லாரிகள் நிற்கின்றன. விரட்ட ஆள் இல்லாத, வேப்பமர நிழலும் இருக்கிற இடமாக மிஞ்சுவது குடியிருப்புத் தெரு.

இரண்டாவது, காலி ஓட்டம். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு ஆள் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சொந்தக் காசு. செல்போன் செயலி மூலம் சவாரி எடுக்கும் பெருநகர ஓட்டுநர்களும் இதே காரணத்துக்காகத்தான் அடுத்த அழைப்பு வரும் வரை பக்கத்துத் தெருக்களில் ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டரை மணிக்கு லண்டன்பேட்டையில் ஒரு சவாரியை இறக்கியவர், கட்டிகானப்பள்ளியில் உள்ள வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் எண்ணெய்தான் வீண். மேம்பாலத்தடியில் மாட்டிக்கொண்டால் மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து சேரவும் முடியாது. விடியற்காலையில் பெங்களூரு விமான நிலையத்துக்கு டிராப் கொடுத்துவிட்டு, சுமார் 90 கிலோமீட்டர் நெடுஞ்சாலையும் அதற்கு மேல் பெங்களூரு நகர நெரிசலும் கடந்து காலியாகத் திரும்பி, தூங்காமல் நேராக நம் பின்கேட்டுக்கு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தத் தெருதான் கண்ணயரும் இடம். மூடிய காரில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்; எங்காவது கசிவு இருந்தால் புகை உள்ளே வருவது தூங்குபவருக்குத் தெரியாது. இதை அவர்களிடமும் சொன்னேன்.

மூன்றாவது காரணம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர்: தங்கை யூகேஜி, அண்ணன் ஏழாம் வகுப்பு. சின்னவளுக்கு மூன்று மணிக்கு வகுப்பு முடிகிறது, அண்ணனுக்கு நாலே காலுக்கு. ஒரே வண்டி. ஓட்டுநர் சின்னவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்து, வெயில் தாங்க மாட்டாள் என்று ஏசியைப் போட்டுவிட்டு ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்கிறார். அவள் தூங்கிப்போகிறாள். இன்ஜினை அணைத்தால் எழுந்து அழுகிறாள் என்றார் அவர். இந்த மனிதரை எப்படிக் கண்டிப்பது?

நான்காவது காரணம் நாம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மூன்று மணிக்கு விடும் பிள்ளைக்கு இரண்டே காலுக்கே "கிளம்பிட்டீங்களா?" என்று போன் போகிறது. பிள்ளை வெளியே வரும்போது கேட்டுக்கு நேர் எதிரே வண்டி நிற்க வேண்டும், இரண்டு வீடு தள்ளி நின்றாலும் ஏன் என்று கேள்வி வருகிறது. பேசுவது மாத வாடகை, அதில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அந்த வாடகையும் பல வீடுகளில் பத்தாம் தேதிக்கு மேல்தான் கைக்கு வருகிறது. ஒரு நாள் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த மாதம் வேறு வண்டி. இந்த நெருக்கடியில் இருப்பவர் முன்கூட்டியே வந்து இடம் பிடிக்காமல் என்ன செய்வார்? சொந்தக் காரில் வரும் பெற்றோர்களும் அதே தெருவில் அதே போல ஏசி ஓட நிற்கிறார்கள். மஞ்சள் போர்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

இன்ஜினை ஏன் அணைப்பதில்லை என்றும் கேட்டேன். திரும்ப ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அதிகம் குடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய வண்டிகளோடு வந்த பழக்கம் அது. இப்போதைய வண்டிகளில் பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்வதில்தான் எண்ணெய் மிச்சம். நின்றபடி ஏசியோடு ஓடும் கார், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதத்தின் பள்ளி நாட்களில் பத்து லிட்டருக்கு மேலேயே போகும். வாங்கும் மாத வாடகையில் அது பெரிய பங்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசைக் குறைப்பதற்கான அரசின் தரம்) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி வேகமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். நின்றுகொண்டே ஓடினால் அடைத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவு அதிகம். இதை விளக்கியபோது இரண்டு மூன்று பேர் உடனே சாவியைத் திருப்பி அணைத்தார்கள். பேட்டரி பலவீனமாக இருப்பதால் அணைக்கப் பயப்படுகிறேன் என்றார் ஒருவர். அது அவருடைய உண்மையான சிரமம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் அறிவித்தது. சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களுடைய மூக்கு புகைக்குழாயின் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. நம் ஊரில் மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகையும் மேலே போகாமல் அங்கேயே நிற்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்களும் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்து வருகிறார்கள்.

இப்போது சொல்லப்போவதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில், பள்ளி விடும் நேரத்தில், முதல் தெருவில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே வர வழி இல்லை. ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நம் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த வண்டிகளுக்கு இடையே ஓடினார்கள். ஓட்டுநர் டீக்கடைக்குப் போயிருந்த ஒரு கார், ஆள் இல்லாமல் இன்ஜின் ஓடியபடி நடுத்தெருவில் நின்றது. பெரியவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். அந்தக் குடும்பத்தின் முன்னால் தலைமையாசிரியராக நின்ற நிமிடங்களை இன்னொரு முறை சந்திக்க நான் தயாராக இல்லை.

எனவே விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து, பின்தெருக்களில் காத்திருக்கும் எந்த வாகனத்துக்கும் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம். வண்டி கீழே சொல்லும் இடத்துக்கு வரும் வரை பிள்ளை ஆசிரியரின் பொறுப்பில் கேட்டுக்குள்ளேயே இருப்பார். இது வாடகை வண்டிக்கும் சொந்த வண்டிக்கும் ஒன்றுதான். யாருடைய பதவிக்காகவும் தளர்த்தப்படாது. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லாத வண்டியை, இன்ஜினை நிறுத்தி பிரேக் போடாமல் பொது இடத்தில் விடக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி நிற்கும் வண்டியின் எண் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போகும். பிள்ளையைக் கூப்பிட ஹாரன் அடிப்பதும் இன்றோடு நிற்க வேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் பள்ளி இது.

தடை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக எண்ண வேண்டாம். மேற்குப் பக்க விளையாட்டுத் திடலில் பாதியைத் தினமும் இரண்டரை மணி முதல் வாகனங்களுக்குத் திறந்துவிடுகிறோம். புங்கமர வரிசையின் கீழே நிழல் இருக்கிறது. குடிநீர் வைத்திருப்போம். ஓட்டுநர்கள் உட்கார பெஞ்சுகள் போடுகிறோம். திடலை ஒட்டிய கழிப்பறையை அவர்களுக்காக ஒதுக்கிச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். இதை முக்கியமாக அவர்களிடம் சொல்லுங்கள். பேட்டரி பிரச்சினை உள்ள வண்டி என்றால், தள்ளி ஸ்டார்ட் செய்ய நம் வாட்ச்மேன் உதவுவார். திடலுக்குள் ஒரே நிபந்தனை, வண்டி நின்றவுடன் இன்ஜினை அணைக்க வேண்டும்.

அண்ணனுக்காகவோ அக்காவுக்காகவோ காத்திருக்கும் சின்னப் பிள்ளைகள் மூன்று மணிக்கு மேல் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கலாம். பாய் விரித்து, மின்விசிறி போட்டு, ஒரு ஆசிரியை கூடவே இருப்பார். இதற்குக் கட்டணம் இல்லை. இப்படியானால் அந்த வண்டிகள் நாலு மணிக்கு வந்தால் போதும், நடுவில் இன்னொரு சவாரியும் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. பள்ளி விடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தால் போதும் என்று உங்கள் ஓட்டுநரிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி, நான் சொன்னால் அவருக்குச் சந்தேகம் இருக்கும். மாத வாடகையைத் தேதி தவறாமல் கொடுங்கள். பிள்ளை திடல் வரை நடக்கட்டும். முதல் சில நாட்கள் மாணவர் படையினர் கூட நடந்து வருவார்கள். வீடு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் வண்டியே இல்லாமல் கூட்டிப்போக முடியுமா என்று யோசியுங்கள்.

நான் பேசிய ஓட்டுநர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. மழை நாளில் குடை பிடித்துப் பிள்ளையை வகுப்பறை வாசல் வரை கொண்டுவந்து விடுபவர்கள் அவர்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளையைக் கவனித்து ஆசிரியருக்கு முதலில் சொன்னவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு என் நன்றியை உங்கள் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். இத்தனை நாள் பொறுத்துக்கொண்ட தெருக்காரர்களை ஜனவரியில் நம் பொங்கல் விழாவுக்கு அழைக்கப்போகிறோம். நீங்களும் வந்து அவர்களிடம் நேரில் பேசினால் மகிழ்வேன்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு படி பிள்ளையின் டைரியில் இருக்கிறது. அது உங்கள் ஓட்டுநருக்கானது. படிக்க நேரமில்லாதவருக்குத் தயவுசெய்து நீங்கள் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் ஏதும் இருந்தால் பள்ளி நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம். உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
கிருஷ்ணகிரி