வேலிக்கு ஓணானே சாட்சி சொல்லட்டும்

நெல்லை மாவட்ட ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இப்படியொரு குழுவில் இருப்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டிய குழு அது. ஊரிலுள்ள செடி கொடி, பறவை, விலங்கு பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைப்பது அதன் முக்கியமான வேலை. எங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மா, வேம்பு, புளி, தென்னை எல்லாம் இருக்கின்றன. செடியும் புதருமாய் நிற்கும் உயிர்வேலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் நாங்குநேரிப் பக்கத்து விவசாயி. கொஞ்சம் வாழை, கொஞ்சம் முருங்கை. போன வருடம் சீமைக்கருவேலை அகற்ற எங்கள் வண்டித்தடத்து வேலிக்கு ஒரு ஜேசிபி வந்தது. நல்ல காரியம்தானே என்று நானும் டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலோடு கிளுவை, சூரை, சங்கஞ்செடி, கொடுக்காப்புளி, எங்கள் ஆச்சி காலத்து உடைமரம் இரண்டு, எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. ஓட்டி வந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன். முள்ளாக இருப்பதையெல்லாம் எடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், எடுத்துவிட்டான். எதை விட வேண்டும் என்று அவனிடம் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இல்லை.

அந்தச் சீட்டைத்தான் கேட்கிறேன். இயந்திரம் வருமுன் வேலிகளைக் கணக்கெடுங்கள்.

பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். இங்கிலாந்தில் வேலிப்புதருக்கென்றே 1997இல் சட்டம் போட்டார்கள். 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வயல்வேலியைப் பிடுங்குவதென்றால் முதலில் உள்ளாட்சிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே வேலியில் 30 மீட்டர் அளந்து, அதற்குள் எத்தனை வகை மரமும் புதரும் நிற்கின்றன என்று எண்ணுகிறார்கள். அவர்கள் செடி வேறு, நம் செடி வேறு. ஆனால் 30 மீட்டர் கயிறு எல்லா ஊரிலும் கிடைக்கும். நாம் கூடுதலாக எழுத வேண்டியவை உண்டு: ஏறியிருக்கும் கொடிகள் (பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான்), இடைவெளி எத்தனை அடி, வளை, புற்று, கூடு, பட்டுப்போன கட்டை. கணக்கெடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமாரையும், ஆடு மேய்க்கிறவர்களையும் கூட்டிப் போனால் பாதிச் செடிக்குப் பெயரும் மருந்தும் சேர்த்தே சொல்வார்கள். விடியற்காலையில் ஒரு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தால் செம்போத்தும் தவிட்டுக்குருவியும் தானாகவே கணக்கில் வந்துவிடும்.

பட்டுப்போன கட்டை எதற்கு என்று கேட்பீர்கள். அதைக் குடைந்துதான் கருவண்டு குடியிருக்கிறது. முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் அந்த வண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. திசையன்விளைப் பக்கம் முருங்கை போட்டிருப்பவர்கள் வேலியைச் சுத்தமாக்கிக் கம்பி கட்டிவிட்டு, பூ நிற்காமல் கொட்டுகிறதே என்று மருந்துக்கடைக்குப் போகிறார்கள். பூ கொட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வண்டின் வீட்டை நாமே அடுப்பில் வைத்துவிட்டோம் என்பதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இன்னொரு குடித்தனக்காரர் முள்ளெலி. தென்னிந்தியாவுக்கே உரிய இனம், நம் வறண்ட காட்டிலும் தேரி என்கிற செம்மணல் மேட்டிலும் இருக்கிறது. பகலெல்லாம் புதரடியில் சுருண்டு கிடந்து இரவில் பூச்சி தின்ன வெளியே வரும். கக்குவான் இருமலுக்கு மருந்தென்று முன்பு பிடித்தார்கள். இப்போது பதுங்கப் புதரும் இல்லை. உங்கள் ஊரில் கடைசியாக யார், எங்கே பார்த்தார்கள் என்பதை மட்டும் எழுதினாலும் போதும்.

அப்புறம் காற்று. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, காவல்கிணற்றுக் காற்றாலைகளே சொல்லும். மதிலில் மோதும் காற்று ஏறித் தாண்டி அந்தப்புறம் சுழன்று விழும். உயிர்வேலி காற்றை வடிகட்டி வேகம் குறைத்து அனுப்பும். குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வேலியில் பாம்பு இருக்கும், மயில் அடையும், ஓரத்து வரிசைப் பயிர் சவலையாகும் என்பார்கள். சரி, எல்லாம் உண்மைதான். அந்தப் பாம்பில் சாரையும் உண்டு, அது எலி தின்னும். மயிலோ, வேலி போன பிறகும் என் தோட்டத்துக்கு வரத்தான் செய்கிறது. ஓரப் பயிருக்கு, உட்புறக் கொப்பைக் கழித்துவிட்டால் போதும். ஆனால் ஒரே வருடத்தில் மொத்த வேலியையும் மொட்டையடிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு என்று முறைவைத்து வெட்டலாம். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடலாம். அடியில் தீ வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. (பக்கத்து நிலத்துக்காரரோடு வேலித் தகராறு இருந்தால் கணக்கெடுப்பன்று இரண்டு பேரையும் கூப்பிடாதீர்கள், வேலை நடக்காது.)

சீமைக்கருவேல் போகட்டும், அதற்காக நான் அழப்போவதில்லை. நிற்க வேண்டிய மரத்துக்கு முதல்நாளே சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராமசபையில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். எங்கள் ஊரில் நான் எழுந்து கேட்பேன்.

அழிந்த வண்டித்தடத்துக்கு நடக் கிளுவைப் போத்து என் தோட்டத்தில் வெட்டிக்கொள்ளலாம். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. அரிவாள் நீங்கள் கொண்டு வாருங்கள், என்னுடையதற்குப் பிடி கழன்றுவிட்டது.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டத்து விவசாயி ஒருவன்