ராம்ரீ முதலையும் உன் கதையும்

காரைக்குடி,
மாசி 12

அன்புள்ள சாத்தப்பனுக்கு,

உன் கடிதமும் முதலைப் படத்தின் கதைச்சுருக்கமும் கிடைத்தன. ஆச்சிக்குக் கண்கட்டுப் பிரித்தாயிற்றா?

ஐயாமார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனதைப் படத்தில் கொண்டுவர உனக்கு ஆசை, புரிகிறது. ஆனால் உலகப்போர் நடந்த 1945இல் பர்மாவின் ராம்ரீ தீவில் நடந்ததாகச் சொல்லும் சம்பவத்தை நம்பி இறங்காதே. சதுப்புக்காட்டுக்குள் போன ஆயிரம் ஜப்பானியரில் இருபது பேர்தான் மிஞ்சினார்கள், மற்றவர்களை முதலை தின்றது என்பது கின்னஸ் வரை ஏறிய கதை. நீ வட்டிக்கணக்குப் போடுகிறவன், இதையும் போட்டுப் பார். வயிறு நிறைந்தால் பெரிய முதலை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அத்தனை பேரைத் தின்ன எத்தனை முதலை வேண்டும்? அதுவரை அவை எதைத் தின்றன? தாகமும் நோயும் தோட்டாவும் கொன்றதை முதலையின் பற்றுக்கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அதைவிட, வட ஆஸ்திரேலியாவில் ஃபின்னிஸ் ஆற்றில் 2003இல் நடந்தது நமக்குத் தோது. மூன்று இளைஞர்களில் ஒருவனை முதலை இழுத்துப்போக, மற்ற இருவரும் மரத்தில் இரவைக் கழித்தார்கள். முதலை கீழேயே சுற்றியது. 'பிளாக் வாட்டர்' (2007) அதிலிருந்து பிறந்த படம். மரம், கவிழ்ந்த படகு, கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான் சரக்கு. நிஜ முதலையைத் தனியே எடுத்து நடிகர் காட்சியோடு ஒட்டினார்கள். ரப்பர் பொம்மைக்குச் செலவழிக்காதே. 'ஜாஸ்' (1975) எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் மக்கர் செய்தது. அதனால்தான் திரையில் மஞ்சள் பீப்பாய்கள் சுறாவுக்குப் பதிலாக நின்றன. படத்துக்கு அது யோகம்.

உன் 12ஆம் காட்சியில் முதலை உறுமிவிட்டுப் பாய்கிறது. கூடவே கூடாது. அது முழுகிய இடத்தில் அலைகூட எழாது. கரையில் அரை மைல் துரத்துவதும் வேண்டாம், சிறிது தூரத்திலேயே களைத்துவிடும். வாயைக் கயிற்றால் கட்டுவது மட்டும் சரி, திறக்கும் தசை அதற்கு வலுவில்லாதது. கவ்விவிட்டால் உடம்பை உருட்டித் திருகும். அங்கே ரத்தத்தைக் காட்டாமல் தண்ணீர் சுழல்வதைக் காட்டு.

ஒரே துறைக்குத் தினமும் வருகிறவனை முதலை கவனித்து வைத்துக்கொள்ளும். உன் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் தண்ணீர் மொள்வதை முழுசாகக் காட்டு. மறுநாள் அதே படி, அதே குடம், கேமரா தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. மூன்றாம் நாள் குடம் மட்டும் மிதக்கட்டும். நம் ஊருணிப் படித்துறையிலேயே ஒத்திகை பார்க்கலாம், ஒரு டயர் ட்யூப் போதும்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஊருக்கு வருவாய்தானே? 12ஆம் காட்சியைக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவா.

அன்புடன்,
வீரப்பன்