மாரடைப்புக்குச் சாக்கடைக் குழாய் படம் போடுபவர்களுக்கு

பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களையும் தொலைக்காட்சிகளின் உடல்நல நிகழ்ச்சிகளையும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மாரடைப்பு பற்றி நீங்கள் எதை வெளியிட்டாலும் கூடவே ஒரு படம் வருகிறது. ஒரு சிவப்புக் குழாய், உள்ளே மஞ்சள் பசை, நடுவில் வழியில்லாமல் நெருக்கியடிக்கும் ரத்தம். பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேருகிற மாதிரி கொழுப்பு சேர்ந்து, ஒருநாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும் என்று கீழே விளக்கமும் இருக்கும். செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துபவன் நான். இந்தப் படத்தை மாணவிகளின் மனதிலிருந்து அழிப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடுகிறது. தயவுசெய்து அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எளிமையான ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம், அதிலிருப்பது ஒரே கொலஸ்ட்ரால். அப்படியானால் காலின் சிரைகளில் ஏன் இந்த நோய் வருவதில்லை? மார்பெலும்பை ஒட்டி ஓடும் உள்மார்புத் தமனியில் ஏன் இவ்வளவு அரிது? அது அரிது என்பதால்தான் பைபாஸ் அறுவைக்கு அந்தத் தமனியை விரும்பி எடுக்கிறார்கள். காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் ஒட்டினால், தமனியின் அழுத்தம் பட்டதும் அதிலும் நோய் பிடிக்கிறது. பிசுக்குக் கதையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

பதில் குழாயின் சுவரில் இருக்கிறது. தமனியின் உட்பக்கத்தை எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கு மூடியிருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. ரத்தம் சீராக ஓடும் இடங்களில் அந்த அடுக்கு நலமாக இருக்கும். கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் ஓட்டம் சுழன்று தடுமாறுவதால் அங்கே பலவீனப்படும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், இதயத் தமனிகளின் தொடக்கப் பகுதி, வயிற்றுப் பெருந்தமனியின் கீழ்ப்பகுதி எல்லாம் நோய்க்குப் பிடித்த இடங்கள். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, புகை ஆகியவை அந்தப் பலவீனத்தைக் கூட்டுகின்றன.

அங்கே கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்கள் அடுக்கைத் தாண்டிச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன, ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. சுவர் அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு ஆள் கூப்பிடுகிறது. வெள்ளணுக்களில் ஒருவகையான மோனோசைட்டுகள் உள்ளே வந்து, மேக்ரோஃபேஜ்களாக மாறி, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைச் செல்களாக ஊதுகின்றன. பிறகு அங்கேயே செத்துக் கூழாகின்றன. சுவரின் நடு அடுக்கிலிருந்து தசைச் செல்கள் வந்து அந்தக் கூழின்மேல் நார்ப்பொருளால் ஒரு மூடி போடுகின்றன. தோலுக்கடியில் பழுத்துவரும் கட்டியை நினைத்துக்கொண்டால் நோயின் சுபாவம் பிடிபடும்.

மூடி தடிமனாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உள்ளேயிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் நொதிகள் அதை அரித்து, 65 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியதாக்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கிழியலாம். கிழிந்ததும் உள்ளிருக்கும் சரக்கு ரத்தத்தைத் தொடுகிறது, ரத்தம் அங்கேயே உறைகிறது, அந்த உறைகட்டிதான் வழியை மறிக்கிறது. மூடி கிழியாமலே, மேலடுக்கு உரிந்து ரத்தம் உறைவதும் உண்டு.

இன்னொன்று. கூழும் மூடியும் சேர்ந்த இந்தப் படிவு வளர வளரத் தமனி முதலில் வெளிப்பக்கமாகத்தான் வீங்குகிறது. 1987இல் அமெரிக்க நோயியலாளர் கிளாகோவின் குழுவினர் இதைக் காட்டினார்கள்: தமனிக்குள் இருக்கும் பரப்பில் சுமார் 40 விழுக்காட்டைப் படிவு பிடிக்கும்வரை உள்வழி அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஆஞ்சியோவில் தெரிவது உள்வழி மட்டும்தான். டிரெட்மில் சோதனையும் உள்வழி நன்றாகச் சுருங்கினால்தான் காட்டிக்கொடுக்கும். "போன மாசம்தானே டிரெட்மில் டெஸ்ட் பண்ணாரு, நார்மல்னாங்களே" என்று சாவு வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, அதற்கான விளக்கம் பெரும்பாலும் இதுதான். உங்கள் குழாய்ப் படத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது மர்மமாகவோ, மருத்துவரின் மோசடியாகவோதான் தெரியும்.

'அப்படியென்றால் கொலஸ்ட்ரால் குற்றவாளி இல்லை' என்று உடனே தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அந்த வியாபாரமும் ஜோராகத்தான் நடக்கிறது. 1913இல் ரஷ்ய ஆய்வாளர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி இந்த நோயை வரவழைத்தார். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பி.சி.எஸ்.கே.9 மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். சுமார் 28 விழுக்காடு குறைவாக இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைவு என்று காட்டியது. கொலஸ்ட்ரால் தொடங்கி வைக்கிறது, அழற்சி, அதாவது சுவர் ஆள் கூப்பிடும் அந்த எதிர்ப்பு, அதை முற்ற வைக்கிறது. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிர்போகும் தொற்றுகள் சற்றுக் கூடின, இதய நோய்க்கு அது புழக்கத்துக்கு வரவில்லை.

அப்புறம் வந்தது கொல்ச்சிசின், அழற்சியை அடக்கும் பழைய கீல்வாத மருந்து. குறைந்த அளவில் இதய நோய்க்கும் தரலாம் என்று 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கின், அதாவது நம் மாநில மலர் செங்காந்தளின், விதையில் இருப்பதும் இதே பொருள்தான். இதைப் படித்துவிட்டு யாராவது 'அடைப்பு நீக்கும் செங்காந்தள்' என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அது உயிரைக் கொல்லும் விஷம், ஐயா.

குழாய்ப் படத்தால் வரும் நேரடித் தீங்கு இரண்டு. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் சாறு அடைப்பைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை முதலாவது. சுவருக்குள் நார் மூடிக்கு அடியில் இருப்பதைக் கழுவி வெளியேற்ற வழியே இல்லை. இரண்டாவது, 'ஸ்டென்ட் வைத்தாச்சு, குழாய் கிளியர்' என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. மாரடைப்பு வந்த நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டையும் சேர்த்தால் சாவு குறையவில்லை என்று 2007இல் கரேஜ் ஆய்வும் 2020இல் இஸ்கீமியா ஆய்வும் சொல்லிவிட்டன. ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது. மற்ற இடங்களில் பழுத்துக்கொண்டிருப்பவற்றை ஆற்றுவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், புகையை விடுவதும்தான்.

கால்களையும் மறந்துவிடாதீர்கள். பீடி பிடிக்கும் இளவயது ஆண்களின் விரல்களை அழுகவைக்கும் பர்கர் நோயில் கொழுப்புப் படிவே கிடையாது. சின்னத் தமனிகளும் சிரைகளும் அழன்று உறைகட்டியால் மூடிக்கொள்கின்றன. புகையிலையை அடியோடு விட்டால்தான் நோய் நிற்கும். அதைப் பற்றி உங்கள் பக்கங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த முறை படம் வரையும்போது தமனியைக் குறுக்கே வெட்டி, சுவரைப் பெரிதாகக் காட்டுங்கள். கூழ், மூடி, கிழிசல், உறைகட்டி ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். அச்சுக்குப் போகுமுன் அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன். கட்டணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் உடலியங்கியல் ஆசிரியர்